‘திவாலி’ சிடியில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே இசை: கோளாறு தட்டிலா, என் காதிலா?

மேலமாசி வீதி எழுதியது:

கொஞ்சம் அசட்டுக் கேள்விதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியம்மா மகன் பதினாறு வருஷம் லண்டனில் குப்பை கொட்டிவிட்டு இந்த ஆவணியில் மதுரைக்கே திரும்பிவிட்டான். கொண்டுவந்த சாமான்களில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடி. "எனக்கு இனிமே எதுக்கு, நீயே வச்சுக்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டான். இந்தத் தெருவில் சிடி பாடுகிற பெட்டி இன்னும் உயிரோடு இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான். எனக்கு இருந்த தகுதி அதுதான்.

தீபாவளி அன்று விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடித்து, லேகியம் ஒரு உருண்டை விழுங்கிவிட்டு, பெட்டியைக் கிளறினேன். ஆங்கிலத்தில் ‘திவாலி’ என்று போட்ட சிடி ஒன்று அகப்பட்டது. பண்டிகைக்குத் தோதாக ஷெனாயோ சந்தூரோ இருக்கும் என்று போட்டுவிட்டேன். முதலில் கைத்தட்டல் கேட்டது. சரி, பஜனை போலிருக்கிறது என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அப்புறம் ஒரு ஆள் வந்து கடகடவென்று எதையோ ஒப்பிக்க ஆரம்பித்தான் பாருங்கள், அது பஜனை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

நல்ல ஆட்டப் பாட்டுதான், குறை சொல்லவில்லை. அடுத்த பாட்டு வந்தது, அதே கைத்தட்டல். அதற்கு அடுத்ததும் அதே. அடுப்படியிலிருந்து அம்மா, "ஏண்டா, தட்டு சிக்கிக்கிச்சா? எடுத்துத் துடைச்சுப் போடேன்" என்றார். துடைத்தும் போட்டேன். குரல் மாறுகிறது, சொல் மாறுகிறது, பின்னால் ஓடுகிற இசை மட்டும் ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்கிறது. ஒன்பதாவது பாட்டோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொருத்தர் பெயர். அதில் ஷான் பால் என்ற பெயர் மட்டும் எங்கோ கேள்விப்பட்ட மாதிரி இருந்தது.

சிடி கொடுத்தவனைக் கேட்டேன். "அது ரிடிம் ஆல்பம்டா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். அப்படித்தான் இருக்கும் என்றால் எப்படி? ஒருத்தர் போட்ட இசையை மற்றவர்கள் எல்லாம் சுட்டுவிட்டார்களா? அதை ஒரு கம்பெனி தைரியமாக ஒரே தட்டில் போட்டு விற்கவும் செய்கிறதா? காசு கொடுத்து வாங்கி இதை யார் முழுசாக உட்கார்ந்து கேட்பார்கள்? தீபாவளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மா அதற்கு ‘திவால் தட்டு’ என்று பெயரே வைத்துவிட்டார்.


ஸ்காபுறோ இரவுவேலை எழுதியது:

அண்ணை, சிடியில் பழுதில்லை, உங்கட காதிலும் பழுதில்லை. துடைக்கத் தேவையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கோ.

2001 தொடக்கம் ஆறு வருசம் நான் இங்கே கனடாவில், ரொறொன்ரோவில், ஒரு பேக்கரியில் இரவு வேலை. பாண் வெட்டுகிற மெசினில் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் ஒரு யமேக்காக்காரர் (உங்கட ஜமைக்கா), என்னைவிட இருபது வயது மூத்தவர். அவரிடம் மா படிந்த ஒரு கசெற் றேடியோ இருந்தது. இரவு பதினொன்று தொடக்கம் விடிய ஏழு மணிவரை அதுதான் எங்களுக்குத் துணை. முதல் மாதம் முழுக்க எனக்கும் உங்கட அம்மாவின் சந்தேகம்தான்: இந்த மனிசன் ஏன் ஒரு பாட்டையே இருபது தரம் போடுகிறார்? ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். மெசினை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பார்த்தார். பாடுகிறவன் ஆர் என்று கேள், மற்றது தானாய் விளங்கும் என்றார். அவ்வளவுதான். தானாய் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு ஒரு வருசம் பிடித்தது. நீங்கள் அவ்வளவு மினக்கெடத் தேவையில்லை.

பாட்டு என்றால் மெட்டு, சொல், பின்னணி எல்லாம் சேர்ந்த ஒரே பொருள் என்று நாங்கள் நினைக்கிறோம். யமேக்காவில் பின்னணி தனி ஆள். பேஸ், ட்ரம்ஸ், ரெண்டொரு கீபோட் சத்தம், இவ்வளவும் சேர்ந்த கட்டுக்குத்தான் றிடிம் என்று பெயர். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரி அதற்கும் வைப்பார்கள்: ஸ்ராலாக், ஸ்லெங் ரெங், பிளேகிறவுண்ட், புக்செல்வ். தயாரிப்பாளர் முதலில் றிடிமைச் செய்து வைத்துக்கொண்டு, பிறகு பாடகர்களை ஒவ்வொருவராக ஸ்ரூடியோவுக்குக் கூப்பிடுவார். ஒருவர் வந்து தன்ர மெட்டில், தன்ர சொல்லில் ஒரு பாட்டைப் பாடி வைத்துவிட்டுப் போவார். அடுத்த கிழமை இன்னொருவர். ஒருவர் காதல் பாடுவார், ஒருவர் சண்டைக்கு இழுப்பார், ஒருவர் கடவுளைக் கூப்பிடுவார். எல்லாம் முதலில் ஏழு அங்குலத் தட்டுகளாகத் தனித்தனியே கடைக்கு வரும். பிறகு எல்லாவற்றையும் அள்ளி ஒரே சிடியில் போடுவார்கள். உங்கட கையில் இருப்பது அதுதான்.

ஆகவே ஆரும் ஆரிடமும் சுடவில்லை. அந்த றிடிமைச் செய்தவர் ஸ்டீவன் மார்ஸ்டன். லெங்கி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும், கீபோட்காரர். அவரே கூப்பிட்டுத்தான் பாடினார்கள். ஷான் பாலின் ‘கெற் பிசி’ பாட்டை எழுதியவர்கள் என்று அவருடைய பெயரும் லெங்கியின் பெயரும் சேர்ந்தே இருக்கும். சிடியைப் போட்டது லண்டன் கிறீன்ஸ்லீவ்ஸ் கொம்பனி, 2002 இல். அவர்களின் ‘றிதம் அல்பம்’ வரிசையில் அது 27 ஆவது. அட்டையின் ஓரத்தில் பாருங்கோ, இலக்கம் இருக்கும்.

2003 இல் நடந்த கூத்தைச் சொல்லவேணும். மே மாதம் ‘கெற் பிசி’ அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் முதலாம் இடம், மூன்று கிழமை. அதே வருசம் அதே றிடிமில் வேய்ன் வொண்டரின் ‘நோ லெற்றிங் கோ’ 11 ஆம் இடம் வரை. நியூயோர்க்கில் லுமிடி என்ற ஒரு இளம்பிள்ளை அதே கைத்தட்டலை வைத்துப் பாடினது 3 ஆம் இடம் (அது உங்கட சிடியில் இராது). ஒரே வருசத்தில் ஒரே கைத்தட்டல், மூன்று பாட்டு. அமெரிக்க றேடியோ கேட்ட கனக்கப் பேருக்கு அது ஒரே றிடிம் என்றே தெரியாது. எங்களுக்கு இங்கே இன்னொரு சந்தோசம்: ‘கெற் பிசி’ வீடியோ ரொறொன்ரோப் பக்கம்தான் எடுத்தது. வீட்டு நிலக்கீழறையில் ஆட்டம் நடக்கிற அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எங்கட பெடியங்கள் பாதிப்பேர், அந்த வீடு தங்களுக்குத் தெரியும் என்று புளுகித் திரிந்தார்கள்.

இதை ஆர் முழுசாய் உட்கார்ந்து கேட்பார்கள் என்று கேட்டீர்கள். ஒருத்தரும் இல்லை. இது உட்கார்ந்து கேட்கிற சாமானும் இல்லை.

அந்த மனிசன் ஒருக்கால் என்னைத் தன்ர மருமகனின் பிறந்தநாளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிலக்கீழறை, ஆள் உயரத்துக்குப் பெட்டி பெட்டியாய் ஸ்பீக்கர், ஆட்டிறைச்சிக் கறி மணம். (ஆட்டிறைச்சிக் கறி என்றால் எங்கட கறியே தான், மஞ்சள் மட்டும் கூட.) இரண்டு தட்டுச்சுற்றிகளுக்குப் பின்னால் ஒரு பெடியன். தட்டுப் போடுகிறவனை அவர்கள் டிஜே என்று சொல்வதில்லை, அவன் செலக்டர். மைக்கில் கதைத்துப் பாடுகிறவன்தான் டிஜே. இதை மாறிச் சொல்லி நான் ஒருக்கால் நல்லாய் வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

செலக்டர் ஒரு றிடிமை எடுத்தால் அதில் உள்ள பாட்டுகளை வரிசையாய் விடுவான். முழுப் பாட்டு இல்லை. ஒரு சரணம், ஒரு பல்லவி, உடனே அடுத்த தட்டுக்குத் தாவல். பின்னால் றிடிம் அறாமல் ஓடும். மேலே ஆள் மட்டும் மாறும். இதற்கு ஜக்ளிங் என்று பெயர். ஆடுகிறவனின் காலுக்குத் தடங்கல் இல்லை, காதுக்கு மட்டும் ஒவ்வொரு நிமிசமும் புது விருந்தாளி. வேய்ன் வொண்டரின் குரல் வந்ததும் பெண்டுகள் எல்லாரும் ஒரே சத்தம், சுவரில் உள்ளங்கையால் அடி. செலக்டர் உடனே தட்டைக் கையால் பின்னுக்குச் சுழற்றி, அந்தப் பாட்டை முதலில் இருந்து போட்டான். நான் ஏதோ உடைந்துபோய்விட்டது என்று நினைத்தேன். அது மரியாதையாம். சனம் கேட்டால் திருப்பிப் போடவேணும்.

அப்பதான் எனக்கு அந்தப் பேக்கரிக் கதை விளங்கினது. றிடிம் எல்லாருக்கும் தெரியும், அதை ஒருத்தரும் கேட்கிறதில்லை. அதில் ஏறி ஓடுகிறவன் எப்படி ஓடுகிறான் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

நீங்கள் ஒன்று செய்யுங்கோ. ஷான் பால் பாட்டையும் வேய்ன் வொண்டர் பாட்டையும் மட்டும் அடுத்தடுத்துப் போடுங்கோ. முதல் ஆள் பள்ளிக்கூடத்தில் இடாப்பு வாசிக்கிற மாதிரிப் பெண்டுகளின் பெயரை அடுக்குவார். ரெண்டு மூன்று சுரத்துக்கு மேல் அசையமாட்டார், கைத்தட்டலோடு கைத்தட்டலாய் நிற்பார். மற்றவர் அதே கைத்தட்டலைக் கவனிக்காத மாதிரி நீட்டி இழுத்துக் காதல் பாடுவார். அவர் பாடும்போது அந்தக் கைத்தட்டலே மெதுவாய்க் கேட்கிற மாதிரி இருக்கும். அளவு ஒன்றுதான், ஆள்தான் வேற.

தீபாவளிக் கேள்விக்குப் பிறகு வாறேன், வேலைக்கு நேரமாகிறது.


கல்யாணக் கீபோர்டு எழுதியது:

மேலே ஸ்காபுறோ அண்ணன் பிரமாதமாகச் சொல்லிவிட்டார். நான் சென்னையில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். தாளத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை.

டான்ஸ்ஹால் என்கிற இந்த ஜமைக்கா ஆட்ட இசையில் பெரும்பாலும் அடியில் ஓடுவது தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, ஆக எட்டு. இப்போதே செய்து பாருங்கள்: எட்டு வரை எண்ணிக்கொண்டே ஒன்றிலும் ஐந்திலும் காலைத் தட்டுங்கள். கையால் தகிட தகிட தகவில் வருகிற ‘த’ மூன்றிலும் மட்டும் தொடையில் அடியுங்கள். முதல் அடி காலோடு சேர்ந்து விழும். இரண்டாவது, கால் விழுவதற்கு ஒரு எண் முன்னாலேயே அவசரப்பட்டு விழுந்துவிடும். மூன்றாவது நடுவில் தொங்கும். அந்த அவசரத்தில்தான் இடுப்பு தானாக அசைகிறது. மிருதங்கக்காரர் யாரிடமாவது இதைச் சொன்னால் ‘இது என்ன பெரிய கணக்கு’ என்பார். கணக்கு பெரிசு இல்லைதான். அதை மாற்றாமல் நான்கு நிமிஷம் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். நமக்கெல்லாம் இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே கை அரிக்கும்.

திவாலியில் அந்தக் கட்டுக்கு மேல் கைத்தட்டலை அடுக்கி முன்னால் தள்ளியிருக்கிறார் லெங்கி. அதனால்தான் உங்களுக்குப் பஜனை என்று தோன்றியிருக்கிறது. நியாயமான சந்தேகம்.

அப்புறம், ‘ஸ்லெங் டெங்’ (அண்ணன் எழுத்தில் ‘ஸ்லெங் ரெங்’) என்ற பெயர் மேலே வந்தது. அதைச் சும்மா விட்டுவிட்டுப் போக முடியாது. கல்யாண மேடையில் ஸ்டைல் பட்டனை அழுத்திவிட்டு வாசித்தால், "தம்பி, மிஷின் வாசிக்குது, நீ என்ன பண்றே?" என்று யாராவது ஒரு மாமா கண்டிப்பாகக் கேட்பார். அந்த மாமாக்களுக்கு என் பதில் 1985. ஜமைக்காவில் வேய்ன் ஸ்மித் என்ற பாடகரும் நோயல் டேவி என்ற நண்பரும் காஸியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ‘ராக்’ என்று ஒரு ரெடிமேட் தாளம் இருக்கிறது, பேஸோடு சேர்த்து. அதை வேகம் குறைத்துப் போட்டு, கிங் ஜாமி என்ற தயாரிப்பாளரிடம் கொண்டுபோனார்கள். அதுதான் ஸ்லெங் டெங். அதுவரை ஸ்டுடியோவில் பேஸ்காரரும் டிரம்ஸ்காரரும் உட்கார்ந்து வாசித்ததுதான் ரிடிம். இதில் ஒருவரும் வாசிக்கவில்லை. 1985 பிப்ரவரி 23-ஆம் தேதி கிங்ஸ்டனில் வால்தம் பார்க் ரோட்டில் ஜாமியின் சவுண்ட் சிஸ்டத்துக்கும் (ஸ்பீக்கர் அடுக்கி ஆட்டம் நடத்துகிற குழு) பிளாக் ஸ்கார்ப்பியோ என்ற சவுண்ட் சிஸ்டத்துக்கும் போட்டி. அங்கே இதை எடுத்து விட்டதும் எதிராளி கதை முடிந்தது என்பார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் அதன் மேல் ஏறிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஜானி ஆஸ்போர்ன், டெனர் சா என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் பாடகரும் இல்லை, தயாரிப்பாளரும் இல்லை. அந்த ரெடிமேட் தாளத்தை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். 1980-இல் குனிதாச்சி இசைக் கல்லூரியில் படிப்பு முடித்ததும் காஸியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். கல்லூரியில் அவர் ஆய்வு செய்த பொருள் ஜமைக்கா இசையான ரெகே! எம்டி-40 வந்தது 1981-இல். ‘ராக்’ என்று பெயர் போட்டு அவர் உள்ளே வைத்த பேஸ், நான்கு வருஷம் கழித்து ரெகே பிறந்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. என் முதல் கீபோர்டும் காஸியோதான், ஆனால் வேறு மாடல். எம்டி-40 இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.


குடந்தைச் சந்தம் எழுதியது:

இதில் புதுமை என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை தம்பிகளா. நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்கள். நாடகப் பாட்டு, கொலைச்சிந்து, பக்திப் பாட்டு எல்லாம் அப்படித்தான். காவடிச்சிந்து மெட்டில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! இன்றைக்கும் கோயில் ஒலிபெருக்கியில் சினிமா மெட்டில் அம்மன் பாட்டு ஓடுகிறது. ஒரு மெட்டுக்கு ஆயிரம் பாட்டு போட்ட ஊர் இது. ஜமைக்காவில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.


ஸ்காபுறோ இரவுவேலை எழுதியது:

ஐயா, உங்களோடு வாதாட வரவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது இதற்கு நேர் எதிர். வர்ணமெட்டில் மெட்டு நிற்கும், சொல் மாறும். றிடிமில் மெட்டும் சொல்லும் ரெண்டுமே மாறும், கீழே ஓடுகிறதுதான் நிற்கும். உங்கட காவடிச்சிந்தை முப்பது பேர் எழுதினாலும் பாடினால் ஒரே மாதிரித்தான் கேட்கும். வேய்ன் வொண்டரின் பாட்டை வாயால் மட்டும் பாடிக் காட்டினால், அது ஷான் பால் பாட்டுக்குச் சொந்தம் என்று ஒருத்தராலும் சொல்லேலாது.

எங்கட பக்கத்தில் கிட்ட வருவது என்றால் உங்கட தஞ்சாவூர் லாவணியைத்தான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எரிந்த கட்சி, எரியாத கட்சி. டேப் என்ற தோல்கருவியின் அடி மாறாது, ரெண்டு பேரும் மாறி மாறி ஒருத்தரை ஒருத்தர் மடக்குவார்கள். யமேக்காவில் ரெண்டு டிஜே ஒரே றிடிமில் மோதுவதும் அந்தச் சாதிதான். மன்மதன் எரிந்தானா இல்லையா என்பதற்குப் பதில், ஆர் பெரிய ஆள் என்பதுதான் கேள்வி.

இது எப்படித் தொடங்கினது என்றும் சொல்லிவிடுகிறேன். 1967, 68 வாக்கில் ஸ்பானிஷ் ரவுன் என்ற ஊரில் றூடி றெட்வூட் என்று ஒருவர் சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்தார். பரகொன்ஸ் குழுவின் ஒரு பாட்டை அவருக்காகத் தட்டில் வெட்டும்போது குரலைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். தவறுதலாக நடந்தது. அவர் அதையும் கொண்டுபோய்ப் போட்டார். முதலில் குரல் உள்ள தட்டு, பிறகு குரல் இல்லாத தட்டு. ஆடவந்த சனம் எல்லாம் சேர்ந்து தாங்களே பாடிச்சுதாம். அதன் பிறகு தட்டின் மறுபக்கத்தில் குரல் இல்லாத இசையைப் போடுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு ‘வேர்ஷன்’ என்று பெயர். 1970 இல் யூ-றோய் என்ற டிஜே அப்படிப்பட்ட இசைகளுக்கு மேல் கதைத்துப் பாடி யமேக்காப் பட்டியலையே பிடித்தார். ஒரே றிடிமை வைத்து முழு அல்பம் போடுகிற வேலையை 1974 இல் றூப்பி எட்வேட்ஸ் என்ற தயாரிப்பாளர் ‘யமஹா ஸ்காங்க்’ என்று தொடங்கிவைத்தார். முதல் ஆள் அவர்தான் என்று சொல்லுவார்கள்.

மேலமாசி அண்ணையின் ‘சுட்டார்களா’ கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. திவாலியில் எல்லாம் ஒழுங்கு. ஆனால் பழைய காலத்தில் ஒரு றிடிமை ஆரும் எடுத்து வாசிக்கலாம் என்ற மாதிரித்தான் இருந்தது. ஸ்ரூடியோவில் வாசித்தவனுக்கு அன்றைய கூலி, அதோடு சரி. யமேக்காவுக்குச் சொந்தமாய்ப் புதுப் பதிப்புரிமைச் சட்டம் வந்ததே 1993 இல். ஸ்டீலி, கிளீவி என்று ரெண்டு பேர் 1989 இல் ‘ஃபிஷ் மார்க்கெட்’ என்று ஒரு றிடிம் செய்தார்கள். ஸ்பானிய மொழிக்காரரின் றெகெற்றோன் இசை முழுக்க ஓடுகிற அந்த அடி அதிலிருந்து வந்தது என்று 2021 இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளைக் காட்டியிருக்கிறார்கள். தாளத்துக்குச் சொந்தக்காரன் இருக்கேலுமா? தகிட தகிட தகவை ஆர் பதிவது? என்னைக் கேட்டால் அவர்களுக்கு ஏதாவது கொடுக்கத்தான் வேணும். ஆனால் அப்படி ஒரு தீர்ப்பு வந்து, அதைத் திவாலி மாதிரிச் சிடிகளுக்கும் நீட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தலை சுற்றுகிறது.

இப்ப தீபாவளி. பாட்டுகளில் விளக்கும் இல்லை, வெடியும் இல்லை, பெயர் மட்டும்தான். ஆனால் யமேக்காவில் அந்தச் சொல் அந்நியமும் இல்லை. 1845 மே 10 இல் ‘பிளண்டெல்’ என்ற கப்பல் ஓல்ட் ஹாபர் குடாவில் இந்தியக் கூலியாட்களை இறக்கியது. 1917 வரைக்கும் முப்பத்தாறாயிரம் பேரளவில் போனார்கள், கரும்புக்கும் வாழைக்கும். கூடுதலானோர் வடக்கத்தியர், மதராசுப் பக்கத்தாரும் இருந்தார்கள். எங்கட ஆட்டிறைச்சிக் கறி அங்கே போன கதை அதுதான். கஞ்சா என்ற சொல்லும் அப்படிப் போனதுதான்.

இந்தச் சிடி பிடித்திருந்தால் அடுத்ததாய் 2003, 2004 இல் வந்த ‘கூலி டான்ஸ்’ றிடிமைத் தேடுங்கோ. ஸ்கற்றா பரல் செய்தது. அதுவும் கைத்தட்டல் சாதிதான், நீனா ஸ்கை பாடின ‘மூவ் யா பொடி’ அதில்தான். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம், யமேக்காவில் இந்திய வம்சத்தாரைக் கீழாய்ப் பேசச் சொல்லுகிற சொல் அது. பேக்கரி மனிசன் ஒருக்கால் அதை என்னிடம் சொல்லும்போது நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கட மொழியில் அது உழைத்த காசு, வசவு இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.


குடந்தைச் சந்தம் எழுதியது:

லாவணிக்கு ஒப்புக்கொள்கிறேன். வர்ணமெட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ‘கூலி’ தமிழ்ச் சொல்லா, குஜராத்தின் கோலி சாதிப் பெயரா என்று அகராதிக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அதில் என் ஓட்டு எதற்கு என்று சொல்லத் தேவையில்லை.


ரங்கநாதன் தெரு எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. டான்ஸ்ஹாலை நாம் முன்பே கேட்டிருக்கிறோம், தெரியாமலேயே. 1996-இல் வந்த ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில் ரஹ்மான் இசையில் ‘நோ ப்ராப்ளம்’ பாட்டு நினைவிருக்கிறதா? அதில் பாடியவர் அப்பாச்சி இந்தியன், பர்மிங்காம் பஞ்சாபி. அவர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டது ‘வைல்ட் அப்பாச்சி’ என்று பட்டம் போட்டுக்கொண்ட சூப்பர் கேட் என்ற ஜமைக்கா டிஜேயின் பக்தியில். அந்த சூப்பர் கேட் பாதி இந்திய வம்சாவளி. ஆக கிங்ஸ்டன், பர்மிங்காம், வடபழனி என்று ஒரு சுற்று. எங்கள் காலேஜ் கல்சுரல்ஸில் அந்தப் பாட்டுக்கு ஆடி என் முட்டி போனது தனிக் கதை.


மேலமாசி வீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். ஷான் பால், வேய்ன் வொண்டர் இரண்டையும் மாற்றி மாற்றி நாலு தடவை. முதல் இரண்டு தடவை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தடவை வேய்ன் வொண்டர் இழுக்கும்போது கைத்தட்டல் எங்கே போனது என்று நானே தேடினேன். அங்கேதான் இருந்தது.

தொடைத் தாளமும் போட்டுப் பார்த்தேன். கால் ஒழுங்காக வருகிறது, கை வருகிறது, இரண்டும் சேர்ந்து வர மாட்டேன் என்கிறது. ஆறாம் வகுப்பு படிக்கிற என் அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அரை நிமிஷத்தில் போட்டுவிட்டாள்.

நேற்று சாயங்காலம் அம்மா அரிவாள்மனையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருக்கும்போது சிடியை ஓடவிட்டிருந்தேன். ஒரு முரட்டுக் குரல் வந்தது. தலையை நிமிர்த்தாமலே, "இந்த ஆளு மட்டும் ஏண்டா இப்படி? மத்தவங்கெல்லாம் ஆடுறாங்க, இவன் ஏதோ குறை சொல்லி அழறான்" என்றார். அம்மாவுக்கு ஆங்கிலமே தெரியாது, ஜமைக்கா ஆங்கிலம் எனக்கே தெரியாது. எழுந்து போய் அட்டையைப் பார்த்தேன். பவுண்டி கில்லர். பாட்டின் பெயர் ‘சஃபரர்’.


ஸ்காபுறோ இரவுவேலை எழுதியது:

அண்ணை, அம்மாவை ஒருக்கால் அந்தப் பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கவேணும். வறுமையில் பிறந்து வறுமையில் வளர்ந்தவனின் பாட்டுத்தான் அது. எனக்கு ஒரு வருசம் பிடித்ததை வாழைத்தண்டு நறுக்கி முடிக்கமுன்னம் பிடித்துவிட்டார்.


கல்யாணக் கீபோர்டு எழுதியது:

மேலமாசி சார், அந்த அட்டைப்பெட்டியில் சிடி மட்டும்தானா? அடியில் எங்காவது சின்னதாக, வெள்ளை நிறத்தில், ஒரு காஸியோ கிடக்கிறதா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். பேட்டரி மூடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.